சம்பந்தி வீட்டுச் சபை

மண் முந்தியா, மங்கை முந்தியா என்று பழமொழியிலேயே இடம்பிடித்த ஊர் உத்தரகோசமங்கை. மண்டோதரி இங்கே மங்களநாதரை வழிபட்டாள், இராவணன் அவளைக் கைப்பிடித்ததும் இந்தச் சந்நிதியில்தான் என்பது ஊர்க்கதை. ஆகவே இலங்கையை அயல்நாடு என்று எழுதுவது தில்லிக்காரர்களின் பழக்கம். எங்களுக்கு அது சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டில் நடப்பதைப் பற்றி நாலு வார்த்தை கேட்க எங்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை.

கேட்கவேண்டிய அவசியமும் இருக்கிறது. தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம். மதுரை அதைப்போல ஆறு பங்கு. தில்லியின் தூரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர் நாளைக் காலையில் கரைக்கு வருவாரா, யாழ்ப்பாணச் சிறைக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கிற சட்டம் கொழும்புப் பக்கம்தான் எழுதப்படுகிறது. இழுவைமடிக்கு அந்தச் சபை 2017ல் தடை போட்டது. தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தவர் எம்.ஏ.சுமந்திரன், ஒரு தமிழர். கொண்டுவரச் சொன்னவர்கள் வலை அறுபட்டு நின்ற வடக்குத் தமிழ் மீனவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை இந்தக் கரையில் உரக்கச் சொன்னால் டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும், ஆகவே அதை இந்தக் கட்டுரையில் மெதுவாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆளுக்கு ஓட்டே இல்லாத ஒரு சபை எங்கள் பக்கத்து அடுப்பை எரியவும் அணையவும் வைக்கிறது. அந்தச் சபைக்கு யார், எந்த வாசல் வழியாகப் போகிறார்கள் என்று விசாரிப்பது எங்கள் வயிற்றுப்பாடு.

போய்ப் பார்ப்போம். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் தியவன்னா ஏரிக்கு நடுவே, செம்புக்கூரை வேய்ந்த கட்டடம். ஜெஃப்ரி பாவா வரைந்து கொடுத்தது, 1982ல் திறந்தது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே போக ஒரே பாதை. மக்கள் பிரதிநிதிகளை மக்கள் எட்டிவிடாதபடி ஒரு கட்டடம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வரைந்திருக்க முடியாது. உள்ளே 225 நாற்காலி. தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டுக்கு 225 பேர். 2024 பட்டியலில் வாக்காளர் 1.71 கோடி, தேர்ந்தெடுக்கும் ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 87,000 பேர். இந்தக் கரையில் ராமநாதபுரம் எம்.பி. ஒருவரே 16 லட்சம் வாக்காளரைச் சுமக்கிறார். பிரதிநிதியைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு சம்பந்தி வீட்டில் எங்களைவிடப் பதினெட்டு மடங்கு அதிகம் என்று ஆகிறது. பார்த்து அவர்கள் என்ன பலன் கண்டார்கள் என்பதுதான் கேள்வி.

225ல் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து விகிதாசார முறையில் வருகிறார்கள். இந்த 196லும் 160 ஆசனத்தை வாக்காளர் எண்ணிக்கைப்படி மாவட்டங்களுக்குப் பிரிக்கிறார்கள். மீதி 36, ஒன்பது மாகாணத்துக்கும் தலா நாலு. ஒரு மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு போனஸ் ஆசனம். நூற்றுக்கு ஐந்து வாக்கு வாங்காத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் பங்கே கிடையாது. வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அதே கட்சியில் தனக்குப் பிடித்த ஆட்களுக்கு மூன்று பேர் வரை விருப்பு வாக்குப் போடலாம். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசாரம், 1989ல்தான் முதல்முறை நடைமுறைக்கு வந்தது.

காகிதத்தில் நம்முடைய முறையைவிட யோக்கியமான ஏற்பாடு. நம் ஊரில் நாலுமுனைப் போட்டியில் முப்பது சதவீதம் வாங்கினவர் முழுத் தொகுதியையும் அள்ளிக்கொண்டு போவார், எழுபது சதவீதம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அங்கே அப்படி இல்லை. ஆனால் விருப்பு வாக்கு என்ற ஒன்றைச் சேர்த்ததும் சங்கதி மாறிப்போனது. எதிர்க்கட்சிக்காரனைத் தோற்கடிப்பது இரண்டாம் வேலையாகி, தன் கட்சிக்காரனைத் தோற்கடிப்பது முதல் வேலையானது. பட்டியலில் பக்கத்துப் பேராக இருப்பவனைவிட நாலு வாக்குக் கூட வாங்கினால்தான் ஆசனம். மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டப் பணம் வேண்டும். ஒட்டினதைக் கிழிக்க ஆள் வேண்டும். இரண்டும் உள்ளவனே மக்கள் பிரதிநிதி.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டால், 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு சுயேச்சையாக நின்றார். நின்றவுடன் எங்கிருந்தோ வேறு பல ஓ.பன்னீர்செல்வங்கள் புறப்பட்டு வந்து அதே வாக்குச்சீட்டில் வரிசையாக நின்றார்கள். சம்பந்தி வீட்டில் ஒரே கட்சிக்குள் பல பேர் அடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஒரே பேருக்குள் பல பேர்.

இனி மீதி 29 நாற்காலி. இதற்குத் தேசியப் பட்டியல் என்று பெயர். நாடு முழுக்க ஒரு கட்சி வாங்கிய மொத்த வாக்கின் விகிதப்படி இந்த 29ஐப் பங்கு போடுவார்கள். தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற அறிஞர், விஞ்ஞானி, சட்ட வல்லுநர் போன்றவர்களும் சபைக்கு வரட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரொம்ப நல்ல காரணம். கூச்சப்படாமல் தெருவில் இறங்கி, ஓட்டுக் கேட்டு, மக்கள் தெளிவாக வேண்டாம் என்று சொன்ன பிறகும், பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர்களின் வரிசையைப் பார்த்தால் அறிஞர்களுக்கு அங்கே ஒரு ஸ்டூல்கூட மிஞ்சியிருக்காது. 2015ல் ஒரு பெரிய கூட்டணி தோற்றுப்போன தன் வேட்பாளர்கள் பலரை அப்படியே தேசியப் பட்டியலில் தூக்கிப் போட்டது. மக்கள் தீர்ப்பை அவர்கள் மதித்தார்கள். மேல்முறையீடு செய்து ஜெயித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வாசலின் உச்சக்கட்ட மகிமையைக் காட்டியவர் ரணில் விக்கிரமசிங்க. 2020 ஆகஸ்ட் தேர்தலில், 1946ல் பிறந்த ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுக்க ஒரு மாவட்டத்தில்கூட ஓர் ஆசனம் வாங்கவில்லை. வாக்கு நூற்றுக்கு இரண்டு சொச்சம். தலைவர் ரணிலும் கொழும்பில் தோற்றார். ஆனால் அந்த இரண்டு சொச்சத்துக்குத் தேசியப் பட்டியலில் ஒரே ஒரு நாற்காலி விழுந்தது. அதில் யாரை உட்காரவைப்பது என்று கட்சி பத்து மாதம் யோசித்தது. யோசித்து, 2021 ஜூனில், தலைவரையே உட்காரவைத்தது. அடுத்த கோடையில் நாட்டில் பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, கேஸ் இல்லை. ஜனங்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2022 மே 12, அந்த ஒற்றை நாற்காலிக்காரர் பிரதமர். ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் பறந்தார். பிரதமர் பதில் ஜனாதிபதி ஆனார். ஜூலை 20ல் நாடாளுமன்றம் ஓட்டெடுத்தது. 134 வாக்கு. 2020ல் ஒரு மாவட்டத்தில்கூட ஜெயிக்காதவர் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி.

சட்டப்படி ஒரு புள்ளி தவறில்லை. அதுதான் கோபம். மக்கள் விரட்டிய ஆட்சியாளரின் கட்சிக்காரர்களே, மக்கள் நிராகரித்த ஒருவரை, மக்கள் பெயரால், மக்களுக்கு மேலே வைத்தார்கள். வைத்த பிறகு அவர் செய்த காரியங்களில் ஒன்று, 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு நிதியை விடாமல் நிறுத்தியது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. வாக்குப்பெட்டி வழியாக வராதவருக்கு வாக்குப்பெட்டிச் செலவு தெண்டச் செலவாகத்தான் தோன்றும்.

ஆனாலும் ரணிலைக் குருவாகக் கொண்டாட முடியாது. குரு வேறு ஒருவர், அவருடைய சொந்த மாமா உறவு. ஜே.ஆர்.ஜயவர்தன 1977ல் 168ல் 140 ஆசனம் பிடித்தார். வாங்கிய வாக்கு நூற்றுக்கு 51ஐத் தொடவில்லை. பாதி வாக்கு, ஆறில் ஐந்து பங்கு சபை. அந்தப் பலத்தில் நாட்டின் அரசியலமைப்பையே மாற்றி எழுதினார், தன்னை நிறைவேற்று ஜனாதிபதி ஆக்கிக்கொண்டார். 1983ல் பொதுத்தேர்தல் வரவேண்டும். வந்தால் புது விகிதாசார முறைப்படி அந்த ஆறில் ஐந்து கரைந்துபோகும். ஆகவே மனிதர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்போமே! 1982 டிசம்பர் 22, சர்வசன வாக்கெடுப்பு. சபையின் ஆயுளை இன்னும் ஆறு வருஷம் நீட்டச் சம்மதம் என்றால் விளக்குச் சின்னம், சம்மதமில்லை என்றால் குடம். விளக்கு நூற்றுக்கு 54 சொச்சம் வாங்கியது. யாழ்ப்பாணம் குடத்துக்கே அள்ளிப் புள்ளடி போட்டது. யாழ்ப்பாணத்தை யார் கேட்டார்கள்? 1977ல் வந்தவர்கள் 1989 வரை எழுந்திருக்கவில்லை. இதற்கு முன்னாலேயே தன் கட்சி எம்.பி.க்கள் எல்லாரிடமும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார் ஜனாதிபதி. மக்கள் பிரதிநிதியின் மூக்கணாங்கயிறு மக்கள் கையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காகித ஆதாரம் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

விளக்கு எரிந்ததா என்றால், எரிந்தது. ஏழு மாதத்தில், 1983 ஜூலையில், கொழும்பே எரிந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாடு கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சபையில் உட்காரலாம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர்கள் சத்தியம் செய்யவில்லை, ஆசனம் போனது. எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கமும் வெளியே. தமிழர் வாக்களித்து அனுப்பிய முக்கியப் பிரதிநிதிகள் இல்லாத சபையொன்று, மக்கள் தேர்தலே வேண்டாம் என்றார்கள் என்று சொல்லிக்கொண்டு, தமிழர் பிரச்சினையை விவாதித்துக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில்தான் எங்கள் கரையில் படகுகள் வந்து தட்டத் தொடங்கின.

நடுவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர் விவசாயி கோபித்துக்கொள்வார். 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன ஒரு பிரதமர் இருக்கும்போதே இன்னொரு பிரதமரை நியமித்தார். நாட்டுக்கு இரண்டு பிரதமர், இரண்டு பேருமே தான்தான் என்றார்கள். நவம்பர் 16ல் சபாநாயகரைப் போலீஸ் சூழ்ந்து அழைத்துவர, எதிரே நின்ற எம்.பி.க்கள் மிளகாய்த்தூளை வீசினார்கள். செம்புக்கூரைக்குக் கீழே, அந்தப் பாவா கட்டிய மண்டபத்தில், கண்ணைக் கசக்கிக்கொண்டு மாண்புமிகுக்கள். புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் சுற்றுவட்டாரச் சொத்து. ஒரு நாட்டின் சட்டசபை நடைமுறையிலேயே மிளகாய்க்கு இடம் உண்டு என்று தெரிந்திருந்தால் ஏற்றுமதிக்கு முன்பே விண்ணப்பித்திருப்போம்.

இவ்வளவும் 1978க்குப் பிறகு வந்த நவீன வித்தைகள். இதற்கெல்லாம் அடிப்படையான ஒரு பழைய வித்தை இருக்கிறது. அது எங்கள் மண்டபம் வழியாகப் போகிறது.

கண்டிச்சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்தபோது ராமநாதபுரம் சீமையில் பஞ்சம் அடித்த ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்து, உடம்பைச் சோதித்து, நோய் இல்லை என்று கண்டால் கப்பல். 1947 தேர்தலில் அந்தத் தோட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். 101 பேர் சபை அப்போது. 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 6 பேர் நியமனம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார். வேறு பல இடங்களில் இந்த வாக்கு இடதுசாரிகளைக் கரையேற்றியது. முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கவின் கட்சிக்கு அது பிடிக்கவில்லை.

சுதந்திரம் 1948 பிப்ரவரி. அதே வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம். உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லை தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காகிதம் காட்டு. லயத்தில், மழை ஒழுகுகிற பத்தடிக் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்குக் காகிதம் எழுதிவைத்தது யார்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டைப் பிடுங்கினார்கள். இதில் சில தமிழ்த் தலைவர்களின் கையும் நனைந்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி.பொன்னம்பலம் அமைச்சர் நாற்காலியில் இருந்தார். அதைப் பொறுக்காமல்தான் செல்வநாயகம் பிரிந்துபோய் 1949ல் தமிழரசுக் கட்சி கட்டினார்.

வாக்கைப் பிடுங்குவது உலகத்தில் பல அரசுகள் செய்கிற காரியம். வித்தை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் தொகுதி பிரிக்கிற கணக்கு இப்படி: 75,000 தலைக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். தலை என்றால் வாக்காளர் தலை அல்ல, அங்கே குடியிருக்கிற எல்லாத் தலையும். ஆகவே மலையகத்தில் ஓட்டுப் பறிக்கப்பட்ட தோட்டத் தமிழனின் தலையும் எண்ணப்பட்டது. அவன் தலைக்கு வந்த ஆசனத்தை அந்தப் பக்கத்துச் சிங்கள வாக்காளர் எடுத்துக்கொண்டார். நடுவே 1954ல் குடிமக்களை மட்டும் எண்ணுவோம் என்று திருத்தினார்கள். லாபம் குறைகிறதென்று கண்டதும் 1959ல் அதை அழித்துவிட்டுப் பழையபடி எல்லாத் தலையையும் எண்ணினார்கள். 95 இடம் 1960ல் 151 ஆனது. மலைக்கும் காட்டுக்கும் சதுர மைல் கணக்கில் பிரதிநிதித்துவம் உண்டு. அந்த மலையைச் செதுக்கித் தேயிலை நட்டவனுக்கு இல்லை. அவன் தலை மட்டும் வாடகையில்லாமல் வேலை செய்தது.

நாடு திரும்பி வந்த ஒரு பெரியவர் எங்கள் பக்கம் உண்டு. ஊரில் 'சிலோன்காரர்' என்றால்தான் தெரியும். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார், மடிப்பு விட்டுப்போன இடத்தில் செலோடேப் ஒட்டி. இந்தத் தொகுதிக் கணக்கை அவரிடம் விளக்கிச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"தெரியும் தம்பி. தலைய எண்ணிக்கிட்டாங்க. கையத்தான் வேணாம்னுட்டாங்க."

"அப்ப நீங்க முதமுதல்ல ஓட்டுப் போட்டது எங்க தாத்தா?"

"இங்கன வந்துதேன். மீசை நரைச்சப்புறம்."

தாத்தாவை இங்கே அனுப்பியது 1964 அக்டோபர் 30ல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பாகம் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000; மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் தொங்கவிட்டு, 1974ல் ஆளுக்கு 75,000 என்று முடித்தார்கள். ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருவரைக்கூட, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டு இந்த எண்களை எழுதவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஏழு லட்சம் பேரின் ஓட்டைப் பறித்த சபை, அதற்கு ஈடாக 1960ல் ஒரு நாற்காலி கொடுத்தது: தொண்டமான் நியமன உறுப்பினர். மக்கள் ஓட்டால் அவர் திரும்ப உள்ளே வந்தது 1977ல், நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில். முப்பது வருஷம் கழித்து.

மலையில் ஓட்டில்லாத தலையை எண்ணி அடுத்தவருக்கு ஆசனம் கொடுத்த நாடு, வடக்கே அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. இப்போது ஆசனம் பிரிப்பது வாக்காளர் பட்டியல்படி. ஆள் இருந்தால் ஆசனம். ஷெல் அடித்து, குண்டு போட்டு, ஊரைக் காலி செய்தால் பட்டியல் இளைக்கும். இளைத்தால் ஆசனம் குறையும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010ல் ஒன்பது ஆசனம். 2015ல் ஏழு. 2024ல் ஆறு. தேர்தல் ஆணைக்குழு கணக்கில் பிசகே இல்லை. பீரங்கி முதலில் கழித்துக் கொடுத்ததை அவர்கள் பிறகு வகுத்துக் கொடுத்தார்கள். போனவர்கள் ஒட்டாவாவிலும் லண்டனிலும் தமிழ் எம்.பி.க்களை உருவாக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இலங்கைத் தேர்தலில் ஓட்டுப் போட மட்டும் வழி கிடையாது. டாலர் அனுப்ப வழி உண்டு. அனுப்பச் சொல்லி வேண்டுகோளும் உண்டு.

2024 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் பிடித்தது, மூன்றில் இரண்டுக்கு 150 போதும். யாழ்ப்பாணத்தின் ஆறில் மூன்று அவர்களுக்கு. பழைய தமிழ்க் கட்சிகள் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டிருந்த சந்தடியில், தெற்கிலிருந்து வந்தவர்கள் முதலிடம் பிடித்துப் போனஸ் ஆசனத்தையும் வாங்கிக்கொண்டார்கள். ஜனங்கள் சலித்துப்போனார்கள், அதில் தப்பில்லை. அநுரவும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்றுதான் வந்தார். 1994ல் சந்திரிகாவும் அப்படித்தான் வந்தார். அந்த நாற்காலியை ஒழிக்கப் போகிறவர்கள் முதலில் அதில் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது, உட்கார்ந்ததும் அது அவ்வளவு மோசமில்லை என்று தோன்றிவிடுகிறது.

மாகாண சபை என்று ஒன்று உண்டே, ராஜீவ் காந்தி 1987ல் கையெழுத்துப் போட்டு வாங்கித் தந்தாரே என்று நல்ல மனசுக்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் கோயில் மரகத நடராஜர் வருஷம் பூராவும் சந்தனக்காப்பில் மூடியிருப்பார். மார்கழித் திருவாதிரைக்குச் சந்தனம் களைந்து பச்சை மேனியாகத் தரிசனம் தருவார். கூட்டம் நெரியும். அவராவது வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். வட மாகாண சபை தனியாகத் தேர்தலைக் கண்டது ஒரே ஒரு முறை, 2013 செப்டம்பரில். 2018 அக்டோபரில் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு கொழும்பு அனுப்புகிற ஆளுநர்தான் மாகாணம். தேர்தல் ஏன் நடக்கவில்லை என்றால், 2017ல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள், புதிதாகத் தொகுதி பிரிக்கவேண்டும் என்றார்கள், பிரித்து அறிக்கையும் வந்தது. 2018 ஆகஸ்டில் அறிக்கை சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. கொண்டுவந்தவர்களே எதிர்த்துக் குத்தினார்கள். பழைய சட்டம் செத்தது, புதிய சட்டம் பிறக்கவில்லை. நடுவே ஒன்பது மாகாணமும் ஆளுநர் கையில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தேர்தலை யாரும் ரத்து செய்யாமலேயே இல்லாமல் ஆக்குவது எப்படி என்று பாடம் நடத்த அந்தச் சபைக்கு வெளிநாட்டு மாணவர்கள் வரலாம். தில்லியிலிருந்து சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. 1971 ஜனத்தொகைக் கணக்கில் நிறுத்திவைத்திருக்கிற நம் மாநிலங்களின் மக்களவை இடங்களைப் புதுத் தலைக்கணக்குப்படி பிரிக்கும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மலையகத்து 75,000 ஞாபகம் வந்து தொலைக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு சம்பந்தி என்ற முறையில் எங்கள் வீட்டுத் திண்ணையையும் காட்டவேண்டும். மண்டபம் முகாம் இன்றும் இருக்கிறது. அன்றைக்குத் தேயிலைக்குப் போகிறவனைச் சோதித்த இடம். பிறகு ஒப்பந்தத்தில் திரும்பியவனைப் பதிந்த இடம். 1983க்குப் பின் படகில் தப்பி வந்தவனை வைத்த இடம். 2021ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயருக்கு மறுவாழ்வு வந்துவிட்டது. 2019ல் தில்லி குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அண்டை நாடுகளில் துன்புற்று வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான். முப்பது கிலோமீட்டரில் இருக்கிற நாடு அண்டை நாட்டுப் பட்டியலில் வரவில்லை. ஆப்கானிஸ்தான் வந்தது.

ஆகவே இந்த முகாமில் நாற்பது வருஷமாக இருக்கிறவருக்கு அந்தப் பக்கத்துச் சபைக்கு ஓட்டில்லை, இந்தப் பக்கத்துச் சபைக்கும் ஓட்டில்லை. அவர் இல்லாததால் யாழ்ப்பாணத்தில் ஆசனம் குறைகிறது. அவர் இருப்பதால் ராமநாதபுரத்தில் எதுவும் கூடவில்லை. தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சி மேடையிலும் ஈழத்துக்காகத் தொண்டை கிழியும். மேடைக்குப் பக்கத்திலேயே முகாம் இருக்கும். அதற்குள் ஒரு வாக்குச்சாவடி வைக்க ஆள் இல்லை, ஏனென்றால் அங்கே வாக்காளரே இல்லை.

ஒரே ஒருவர் இருந்தார். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்மணி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று இந்தியாவின் சட்டமே சொல்கிறது. அதை அவர் கண்டுபிடித்துப் பாஸ்போர்ட் கேட்டால் மறுத்தார்கள், உயர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார், 2024 ஏப்ரல் 19ல், 38 வயதில், விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகாம்களிலிருந்து அப்படி வந்த முதல் ஓட்டு என்று பத்திரிகைகள் புகைப்படம் போட்டன. தன் சட்டத்தைத் தானே படித்திருந்தால் அரசு என்றைக்கோ கொடுத்திருக்கவேண்டியதை ஒரு பெண் வழக்குப் போட்டு வாங்கினார். அதே தேதிக்கு முன் இங்கே பிறந்து முகாம்களில் இருக்கிற மற்றவர்களும் இனி ஆளுக்கொரு வக்கீல் பிடித்து, ஆளுக்கொரு ரிட் போட்டு, ஆளுக்கொரு வாய்தாவாக மதுரைக்கு நடக்கவேண்டும் போலிருக்கிறது. நம் நீதிமன்றங்களில் வழக்கு போதவில்லை என்று யாரோ தில்லிக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள்.